ஆத்தும சோதனை எங்கை சறுக்குது? (இளவாலை, மானிப்பாய், பாசையூர் ஆக்கள் மூண்டுபேர் கதைக்கினம்.)

இளவாலை:
ஆத்தும சோதனை எண்டது அண்டைய நாளைக் கடவுளுக்கு முன்னால திரும்பிப் பார்க்கிற செபம். அதைப் பாவசங்கீர்த்தனத்துக்கு (சுவாமியிட்டை, அதாவது குருவானவரிட்டை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுறதுக்கு) பட்டியல் போடுற வேலையா எடுக்கிறதாலதான் கனபேர் ஒரு கிழமையில கைவிடுகினம். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் வகுத்த ஒழுங்கில பட்டியல் மூன்றாவதாத்தான் வருது. முதல் நன்றி. பிறகு பாவத்தை அறிய அருள் கேட்கிறது. அதுக்குப் பிறகுதான் எழும்பின நேரத்தில இருந்து மணித்தியாலம் மணித்தியாலமா நினைவு, சொல், செயல் எண்டு பார்க்கிறது. நாலாவது மன்னிப்பு, அஞ்சாவது தீர்மானம், முடிவில பரலோக மந்திரம் (இயேசு கற்பிச்ச செபம்). எல்லாத்துக்கும் கால் மணித்தியாலம் காணும். முதல் இரண்டையும் விட்டிட்டுத் தொடங்கினால் மனம் அப்புக்காத்தா மாறித் தன்ரை பக்கத்துக்கு வாதாடும். நன்றியையும் குறிப்பாச் சொல்லுங்கோ. "எல்லாத்துக்கும் நன்றி" எண்டால் ஒண்டுக்கும் இல்லை எண்டுதான் அர்த்தம்.

மானிப்பாய்:
அக்கா சொன்ன இரண்டாவது படிக்கு எங்கட சபைப் பக்கம் சங்கீதம் 139இன்ரை கடைசி இரண்டு வசனங்களையும் வாசிப்பம். "தேவனே, என்னை ஆராய்ந்து" எண்டு அவரிட்டத்தானே கேட்கிறம், ஆராயிறதும் அவர்தான்.

கொப்பியில எழுதிறவை "கோபப்பட்டன்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. "பின்னேரம் டியூசனால வந்த பிள்ளை பையை எறிய, 'மாடு' எண்டு கத்தினது" எண்டு எழுதினால்தான் அடுத்த நாள் அந்த நேரத்துக்கு விழிப்பா இருக்கலாம். எழுதினதை வாசிக்கேக்க மனிசன், மாமி, பக்கத்து வீட்டுக்காரர் செய்ததுதான் கூட இருந்தால், அது வேற ஆக்களின்ரை சோதனை. வெட்டிவிடுங்கோ.

நேரமும் முக்கியம். வேதாகமத்தில எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னம் எரிச்சல் தணியச் சொல்லுது. இரவு பதினொண்டுக்கு ஒருத்தரோட பிழைவிட்டது தெரிஞ்சால் ஆரிட்டை மன்னிப்புக் கேட்கிறது? பொழுதுபட முன்னம் செய்தால் போன் எடுத்துக் கதைக்க நேரம் இருக்கும்.

பாசையூர்:
பொழுதுபடேக்க கடலுக்கு வெளிக்கிடுற ஆக்களுக்கு அது சரிவராது, தங்கச்சி. கரைக்கு வந்து, மீனை வித்து, வலையைப் பார்த்துக் குளிச்ச பிறகு, நித்திரைக்கு முன்னம் காலமை செய்யட்டும். எழும்பினதில இருந்து படுக்கும்வரைதான் அவைக்கு ஒரு நாள்.

தனிச் சோதனையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அதில ஒரேயொரு குறையைத்தான் எடுக்கிறது. எழும்பின உடனை தீர்மானம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்கா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்கா கணக்கு. அந்தக் குறையில விழுந்த ஒவ்வொரு முறையும் நெஞ்சில கை வைக்கிறது. சந்தைக்குள்ள நிண்டாலும் ஆருக்கும் விளங்காது. ஒரு நாளைக்கு இரண்டு கோடு, விழுந்த தரத்துக்குப் புள்ளி. முதல் கோட்டை இரண்டாவதோட, இண்டையானை நேற்றையானோட, கிழமையைக் கிழமையோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

கனபேர் பிழைவிடுறது குறையைத் தெரிவுசெய்யிற இடத்தில. "தாழ்மை இல்லை" எண்டதை எண்ண ஏலாது. "மற்றவர் கதைக்கேக்க குறுக்கை பாயிறது" எண்டதை எண்ணலாம்.

இளவாலை:
ஒரே பாவத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லியும் மனம் ஆறாதவைக்குப் புள்ளிக் கணக்குக் கூடாது, அண்ணை. ஸ்பெயினில மன்ரேசா எண்ட ஊரில இஞ்ஞாசியாரே அந்தப் பாடு பட்டவர். அவை மூன்றாவது படியை மூண்டு நிமிசத்தோட நிப்பாட்டி, நன்றிக்குக் கூட நேரம் குடுக்கட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே சுவாமியிட்டை மட்டும் போகட்டும். அவர் "போதும்" எண்டால் வேற கோயிலுக்குப் போய்த் திரும்பச் சொல்லக்கூடாது. நித்திரையும் சாப்பாடும் கெட்டால் டொக்டரையும் பார்க்கவேணும்.