110 இல் வாய் திறக்காத அப்பாச்சி: எண்டர் தட்டினால்தான் பொப்3 கதைக்கிறது

களுவாஞ்சி_பொடியன்:
மூன்று நாளாக ஒரு விசயம் தலையைத் தின்கிறது. சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கந்தோரில் கணினி வேலை பார்க்கிறேன். மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப், டெபியன் லினக்ஸ், அப்பாச்சி 2.4 வெப் சேர்வர், ஆலையின் உள் வலைத்தளம் அதில்தான் ஓடுகிறது (மாதம் ஒருக்கா மூடியைக் கழற்றித் தவிட்டுத் தூசி தட்டாவிட்டால் ஃபேன் நின்றுவிடும்). ஒன்பது பேர் மெயில் வாசிக்க ஒரு பொப்3 சேர்வர் (பெட்டியில் வந்த மெயிலை எடுத்துத் தருவது, அதன் போர்ட் 110) தேவைப்பட்டது. எச்டிடிபி (வலைத்தளம் கதைக்கும் மொழி) அல்லாத புரோட்டோகோலையும் அப்பாச்சிக்குள் ஓட்டலாம் என்று எப்போதோ வாசித்திருந்ததால், அதோடு சேர்ந்தே வரும், அனுப்பியதையே திருப்பி அனுப்பும் மொட்_எக்கோ மொடியூலைப் பார்த்து நானே ஒரு மொடியூல் எழுதினேன். புதுக் கொனெக்ஷன் வந்ததும் அப்பாச்சி மொடியூல்களை வரிசையாகக் கூப்பிடும் பிராசஸ் கொனெக்ஷன் ஹூக்கில் என் ஃபங்ஷனைக் கொழுவி, என் போர்ட் இல்லையென்றால் டிக்ளைன்ட் (எனக்கு வேண்டாம்) என்று திருப்பி விடுகிறேன். எச்டிடிபி கையாளும் பகுதி அந்த வரிசையில் கடைசி ஆள் என்பதால் வலைத்தளத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

பிரச்சினை இதுதான். போர்ட்டோடு நேரே டைப் பண்ணிக் கதைக்கும் டெல்நெட்டில் 110 க்குப் போனால் 'கொனெக்டட்' என்று வருகிறது, ஆனால் என் '+ஓகே' வணக்க வரியைக் காணோம். சும்மா ஒரு எண்டர் தட்டினால் உடனே வருகிறது. தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட அரை நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், அதே மொடியூலை 995 இல் எஸ்எஸ்எல் (மறைகுறியாக்கம்) போட்டு ஓட்டினால் ஒரு தாமதமும் இல்லை. யாருக்காவது விளங்குகிறதா?

வாவிக்கரை:
ஃப்ளஷ் பண்ணினாயா மச்சான்? சின்னத் துண்டாக எழுதினால் அவுட்புட் ஃபில்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பிரிகேட் (அனுப்பும் துண்டுகளின் வரிசை) கடைசியில் ஒரு ஃப்ளஷ் பக்கெட் ('உடனே அனுப்பு' என்ற குறி) போட்டுப் பார்.

களுவாஞ்சி_பொடியன்:
ஓம், அது முதல் நாளே போட்டாச்சு. என் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு லொக்கும் வைத்தேன். எண்டர் தட்டும் வரைக்கும் அந்த லொக்கே விழவில்லை. அதாவது என் கோட் இன்னும் தொடங்கவே இல்லை.

அக்கரைப்பற்று_நானா:
அந்த லொக்கில்தான் தம்பி விடை இருக்கிறது. உன் மொடியூலில் பிழை இல்லை, கொனெக்ஷன் அப்பாச்சியின் கைக்கே இன்னும் வரவில்லை, லினக்ஸின் மையமான கேர்னல் பிடித்து வைத்திருக்கிறது.

வெப்பில் முதலில் கதைப்பது பிரவுசர்தான், சேர்வர் கேட்ட பிறகே பதில் சொல்லும். அதனால் ஆள் வாய் திறக்கும் முன் எதற்கு ஒரு த்ரெட்டை (ஒரு கொனெக்ஷனைக் கவனிக்கும் வேலை இழை) எழுப்புவான் என்று லினக்ஸில் அப்பாச்சி டிசிபி டிஃபர் அக்செப்ட் என்ற வசதியைப் போட்டுக்கொள்கிறது, ஏதாவது டேட்டா வந்தால்தான் கேர்னல் கொனெக்ஷனை மேலே தரும். பொப்3, எஸ்எம்டிபி, எஃப்டிபி எல்லாம் மறுவளம், சேர்வர்தான் முதல் வணக்கம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் மெயில் புரோகிராம் உன் '+ஓகே' க்குக் காத்திருக்க, இந்தப் பக்கம் கேர்னல் அதனிடமிருந்து ஒரு பைட்டுக்குக் காத்திருக்க, இரண்டும் ஊமையாக நிற்கும். அரை நிமிடம் ஏன் என்றால் அப்பாச்சி அதற்குக் கொடுக்கும் கெடு 30 செக்கன். 995 இல் எஸ்எஸ்எல் இருப்பதால் கைகுலுக்கலைத் தொடங்குவது கிளையண்ட், அந்த முதல் பைட்டே போதும்.

கொன்பிக்கில் 'லிசன் 110' என்பதை 'லிசன் 110 பொப்3' ஆக்கு. பெயர் கொடுக்காவிட்டால், 443 தவிர்ந்த எல்லாப் போர்ட்டையும் எச்டிடிபி என்றே எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் தனி வரியில் 'அக்செப்ட்ஃபில்டர் பொப்3 நன்'. அவ்வளவுதான்.

ஆனால் கேட்டதற்கு மேலே ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. படிக்கிறதுக்கு இது நல்ல வேலை, ஆலைக் கந்தோருக்கு நான் வைக்க மாட்டேன். அப்பாச்சி ரூட்டாக (முழு உரிமையோடு) தொடங்கி 110 ஐத் திறந்தாலும் வேலை செய்யும் புரொசஸ்கள் வலைத்தளத்தின் யூசராகத்தான் ஓடும், ஆகவே ஒன்பது பேரின் மெயிலையும் அந்த யூசர் வாசிக்க வேண்டி வரும். வலைத்தளத்தில் ஒரு பிஎச்பி ஓட்டை கிடைத்தவனுக்கு எல்லார் பெட்டியும் திறந்து கிடக்கும். மெயிலுக்கென்றே எழுதிய டவ்கொட் சேர்வரில் லொகின் பார்க்கும் புரொசஸ் வேறு, மெயிலைத் திறக்கும் புரொசஸ் வேறு, அது சும்மா இல்லை.

வாவிக்கரை:
நானா சொன்னதோடு த்ரெட் கணக்கையும் சேர்த்துக்கொள். அப்பாச்சியில் த்ரெட்களைப் பங்கிடும் ஈவென்ட் எம்பிஎம் சும்மா இருக்கும் கொனெக்ஷனை த்ரெட் இல்லாமல் வைத்திருக்கும் என்று நம்பிவிடாதே, அந்தச் சலுகை எச்டிடிபிக்குத்தான். உன் ஃபங்ஷன் திரும்பும் வரை ஒரு த்ரெட் உனக்கே. டெபியன் கொன்பிக்கில் மொத்தம் 150, ஒன்பது பேருக்குப் பயமில்லை. நாளைக்கு ஐமெப்பும் (மெயிலை சேர்வரிலேயே வைத்து வாசிக்கும் முறை) எழுதுவோம் என்று மட்டும் கிளம்பாதே, ஒவ்வொரு போனும் நாள் முழுக்க ஒரு த்ரெட்டில் குந்திக்கொண்டிருக்கும்.

மெமரி எங்கே கேட்கிறாய்? கொனெக்ஷன் பூலிலேயே (கொனெக்ஷன் முடியும்போது மொத்தமாக விடுபடும் மெமரித் தொகுதி) என்றால் ஆள் வெளியேறும் வரை ஒரு பைட்டும் திரும்பாது. கட்டளைக்கு ஒரு சப்பூல் எடுத்து, முடிந்ததும் துடைத்துவிடு. இன்னொன்று, பொப்3 இன் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1939 படி சும்மா இருப்பவரை 10 நிமிடத்துக்கு முன் வெளியேற்றக்கூடாது, டெபியனில் டைம்அவுட் 300 செக்கன்தான்.

களுவாஞ்சி_பொடியன்:
நானா, வந்துவிட்டது! இரண்டு வரியும் போட்டு அப்பாச்சியை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன், டெல்நெட் போட்ட கணமே '+ஓகே'. மூன்று நாள் என் கோட்டையே திட்டிக்கொண்டிருந்தேன். டவ்கொட் விசயமும் சரி, முதலாளியின் மெயில் அதற்குள் இருக்கிறது, இந்தக் கிழமையே மாற்றுகிறேன். இதை வீட்டு மெசினில் வைத்துத் தொடர்வேன்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். ஒரே ஒரு மெயில் பாதியில் வெட்டுப்படுகிறது. நெல் விலைப்பட்டியல், நடுவில் ஒரு வரியில் வெறும் புள்ளி மட்டும் இருக்கிறது.

அக்கரைப்பற்று_நானா:
பொப்3 இல் தனிப் புள்ளி வரி என்றால் மெயில் முடிந்தது என்று அர்த்தம் தம்பி. அனுப்பும்போது, புள்ளியில் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளி சேர்த்து விடு, அந்தப் பக்கம் அதுவாகக் கழற்றிக்கொள்ளும்.