வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக அரசியல்: நீங்கள் பட்டது என்ன?

தென்காசிக்காரி:

2014இல் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எந்தத் துறை, எந்த ஊர் என்பது வேண்டாம். அப்போது வயது 23. மூன்றாம் நாளே, அதுவரை அந்த இருக்கையில் இருந்த அக்கா பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டினார். 140 கோப்புகள். "எல்லாம் பீரோவுலதான் இருக்கு, அப்புறமா எண்ணிக்கலாம். இப்ப கையெழுத்துப் போடும்மா, நான் ரிலீவ் ஆகணும்" என்றார். காலையில் டீ வாங்கிக் கொடுத்ததும், மதியம் தன் டப்பாவிலிருந்து புளியோதரை எடுத்து வைத்ததும் அவர்தான். எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். அவர் கேட்ட கோப்பு பட்டியலில் 67ஆவது. பீரோவில் இல்லை. 30 நாளில் பதில் தராவிட்டால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். அந்தப் பயம் மேலிருந்து மேசை மேசையாக இறங்கி, விளக்கம் கேட்கும் குறிப்பாணையாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. "17பி போட்டுருவாங்க" என்று பக்கத்து இருக்கையில் பேசியது காதில் விழுந்தது. பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை அது. அன்றிரவு தூக்கமே இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு சங்கம், இரண்டு அணி. ஓர் அணியைச் சேர்ந்த சார் ஒருவர் வந்து, "அந்தம்மாதான் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிக் குடு, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அக்கா மற்ற அணி. இவர் எனக்கு நல்லது செய்கிறார் என்றே நம்பினேன். பேப்பரை எடுத்து எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

தடுத்தவர் பதிவறை எழுத்தர் ஐயா. "அவங்க எடுத்துட்டுப் போனத நீ பாத்தியா? பாக்காதத எழுதாத தாயி. பழைய தன்பதிவேட்ட எடு." ஒவ்வொரு கோப்பும் எப்போது யாரிடம் போனது என்று இருக்கைக்காரர் எழுதிவைக்கும் பதிவேடு அது. மாலை ஆறு மணிக்கு மேல் இருவரும் பதிவறையில் உட்கார்ந்து புரட்டினோம். அந்தக் கோப்பின் ந.க. எண்ணுக்கு (கோப்பு எண்) எதிரே, கண்காணிப்பாளருக்குச் சமர்ப்பித்த தேதி இருந்தது. திரும்பி வந்த தேதி இல்லை. அதை மட்டும் எழுதினேன். பக்க எண், தேதி, கூடவே எண்ணிப் பார்க்காமல் கையெழுத்திட்டது என் பிழை என்பதும். யார் பெயரையும் எழுதவில்லை.

நான்காம் நாள் அந்தக் கோப்பு கிடைத்தது. வேறொரு பிரிவின் கோப்புக் கட்டுக்குள், எப்போதோ முடிந்துபோன கோப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். யாருமே எடுத்துப் போகவில்லை. பெரியவருக்கு 28ஆம் நாள் பதில் போனது, என்மீது மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்தப் பேப்பரில் அக்கா பெயரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இன்றும் நெஞ்சை அழுத்துகிறது.

இரவுப்பணி:

சென்னையில் ஐடி சப்போர்ட் வேலை, முதல் வருடம். நள்ளிரவில் டீம் லீட் போனில் "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு" என்றார். பண்ணினேன். காலையில் வாடிக்கையாளர் கத்தியபோது "நான் சொல்லவே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு போனில் எதைச் சொன்னாலும், "நீங்கள் இப்போது சொன்னபடி செய்கிறேன்" என்று டிக்கெட்டிலேயே (அந்தப் புகாருக்கான கணினிப் பதிவு) ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கை வைப்பேன். அவருக்கு முகம் சுண்டியது. இரண்டு மாதத்தில் அவரே எழுதிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:

தென்காசிப் பிள்ளைக்கு, அந்த அக்கா இடத்தில் இருந்தவன் எழுதுகிறேன். 1996. மதியம் இரண்டு மணிக்கு மாறுதல் ஆணை வந்தது, அன்று பிற்பகலே விடுவிப்பு. என் பொறுப்பில் இருநூறு கோப்புக்கு மேல். ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்க எங்கே நேரம்? புதிதாக வந்த பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். திட்டிவிட்டேன், கண்டபடி. அவன் குரலை உயர்த்தவே இல்லை. "சரிபார்ப்புக்கு உட்பட்டுன்னு எழுதிப் போடறேன் சார், ஒரு லீவு நாள்ல வந்து எண்ணிக் குடுங்க" என்றான்.

இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் எண்ணிக் கொடுத்தேன். மூன்று கோப்பு குறைந்தது. அதில் இரண்டு, என் சொந்தப் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் இருந்தன. அவசரத்தில் நானே அள்ளிப் போட்டிருக்கிறேன். அந்தப் பையன் மட்டும் சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் அவனும் மாட்டியிருப்பான், நானும் மாட்டியிருப்பேன்.

தென்காசிக்காரி:

ஐயா, "சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று எழுதலாம் என்பது அன்று எனக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. எனக்கு இப்போது மாறுதல் வந்திருக்கிறது. அடுத்த வாரம் என் இருக்கைக்கு ஒரு புதுப் பிள்ளை வருகிறாள், இதுதான் அவளுக்கு முதல் வேலை. இரண்டு நாளாக உட்கார்ந்து கோப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். 112 வரை சரியாக இருக்கிறது.