டீப் பர்ப்பிள்: டாமி போலின் காலத்துப் பதிவுகளை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி:
‘மேட் இன் ஜப்பான்’ என்ற மேடைப்பதிவு வழியாகவே டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவை அறிந்தவன் நான். கிதார் கலைஞர் ரிட்சி பிளாக்மோர் 1975-இல் விலகிய பின் டாமி போலின் கிதார் வாசித்த காலத்தையும் கேட்க விரும்பி, ‘லாஸ்ட் கான்சர்ட் இன் ஜப்பான்’ என்ற பழைய இசைத்தட்டை அண்மையில் வாங்கினேன். முதல் பாட்டான ‘பர்ன்’ தொடங்கியதுமே மனம் சோர்ந்துவிட்டது. கிதார் முழங்க வேண்டிய இடத்தில் ஜான் லார்டின் ஆர்கன் முன்னால் நிற்க, கிதார் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. தட்டில் கோளாறா, அல்லது இந்த அணியே இப்படித்தானா? இக்காலத்து ஸ்டூடியோ, மேடை, ஒத்திகைப் பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம் என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தட்டில் கோளாறு இல்லை, ஐயா. அது 1975 டிசம்பர் 15 அன்று டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பதிவானது. அன்று போலினின் இடக்கை மரத்துப்போயிருந்ததால், தந்திகளை அழுத்த விரல்கள் ஒத்துழைக்காத நிலையில் எளிய கார்டுகளை (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) மட்டும் பிடித்துச் சமாளித்தார். கிதாரின் பகுதிகளை லார்ட் ஆர்கனில் ஏற்று வாசித்தார். சில நாட்களுக்கு முன்புதான் ஜகார்த்தாவில் குழுவின் பணியாளர் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு அவர்கள் ஜப்பானுக்கு வந்திருந்தார்கள். இந்த அணியின் மேடைப்பதிவு என்று 1977-இல் முதலில் வெளிவந்தது இதுவாக இருந்ததுதான் போலினுக்கு நேர்ந்த அநீதி என்பேன். 2001-இல் அதே கச்சேரி ‘திஸ் டைம் அரவுண்ட்’ என்ற பெயரில் முழுமையாக வந்தது. ஒலிக்கலவையைச் சரிசெய்யலாம், அன்றைய இடக்கையைச் சரிசெய்ய முடியாதல்லவா?

மறுமொழி 2:
ஒத்திகையிலிருந்து தொடங்குங்கள். 1975 கோடையில் கலிபோர்னியாவில் ஐவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்த நாடாக்களிலிருந்து தொகுத்த ‘டேஸ் மே கம் அண்ட் டேஸ் மே கோ’ 2000-இல் வெளிவந்தது. பாட்டாக இன்னும் உருப்பெறாத நீண்ட வாசிப்புகளே அதில் மிகுதி. பழைய குழுவும் புதிய கிதாரும் ஒன்றையொன்று அளந்து பார்ப்பது அங்கே காதில் விழுகிறது: போலின் ஒரு தாளக்கட்டைப் பிடித்ததும் இயன் பெய்ஸின் டிரம்ஸ் அதைப் பற்றிக்கொள்கிறது, கிளென் ஹியூஸின் பேஸ் கிதார் ஃபங்க் என்ற துள்ளலான தாள இசைப் பக்கம் சாய்கிறது. ‘டிரிஃப்டர்’ அங்கே கரடுமுரடாக இருப்பதைக் கேட்டுவிட்டு, இந்த அணியின் ஸ்டூடியோ ஆல்பமான ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’டில் அதே பாட்டைக் கேட்டால், எதைச் செதுக்கினார்கள், எதை விட்டார்கள் என்பது புரியும்.

மறுமொழி 3:
மேலே எழுதிய நண்பரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். புதியவருக்கு ஒத்திகை நாடா பொறுமையைச் சோதிக்கும். ஆகவே ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’ ஆல்பமே முதலில். 1975 ஆகஸ்டில் மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் பதிவான அதற்கும், நீங்கள் விரும்பும் ‘மேட் இன் ஜப்பான்’ பதிவுக்கும் ஒலிப்பொறியாளர் ஒருவரே, மார்ட்டின் பர்ச். ‘கமிங் ஹோம்’ பாட்டைக் கூர்ந்து கேளுங்கள்: ஹியூஸ் அங்கே இல்லாததால் பேஸ் கிதாரையும் போலினே வாசித்திருக்கிறார். 2010-இல் கெவின் ஷெர்லி செய்த புதிய கலவை தெளிவாக இருந்தாலும், முதலில் பழையதையே கேளுங்கள்.

மேடைக்கு, 1976 பிப்ரவரி 27 அன்று லாங் பீச்சில் வானொலிக்காகப் பதிவான கச்சேரி இருக்கிறது. 1995-இல் ‘ஆன் தி விங்ஸ் ஆஃப் எ ரஷ்யன் ஃபாக்ஸ்பேட்’ என்ற பெயரில் அது வந்தது. அதுவும் ‘பர்ன்’ பாட்டில்தான் தொடங்குகிறது. உங்கள் தட்டில் உள்ள ‘பர்ன்’ முடிந்த கையோடு இதைக் கேட்டுவிட்டு, கிதார் எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.