கோயில் பூட்டியிருக்கிற நேரத்துல பங்குப்பேரவை என்னெல்லாம் செய்யணும்?

கடப்புறத்தான் | 17 மே 2021

இயேசுவுக்கே புகழ்.

குமரி மாவட்டத்துல குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில உள்ள ஒரு கடற்கரைப் பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த ஊர், எங்களோடது. இந்த வருசம்தான் என்னைப் பங்குப்பேரவைக்கு, அதாவது பங்கு காரியங்களைப் பார்க்கிற குழுவுக்கு, செயலராத் தேர்ந்தெடுத்தாங்க. பொறுப்பு எடுத்த கையோட கொரோனா இரண்டாவது அலை வந்துட்டு. ஏப்ரல் 26-ல இருந்து கோயில்ல மக்களுக்குப் பூசை கிடையாது. ஃபாதர் தனியாப் பூசை வைக்கிறார், நாங்க யூடியூப்ல பார்க்கிறோம். மே 10-ல முழு ஊரடங்கு வந்த பிறகு பேரவை உட்காரவே இல்லை.

ஆனா ஊர் எதுக்கும் பேரவையைத்தான் பார்க்குது. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது தெரியும். 2017 நவம்பர் 30-ல ஓகிப் புயல் அடிச்சப்ப யார் யார் கடல்ல நிக்கிறாங்க, எந்த வள்ளம், எந்தத் துறைமுகத்துல இருந்து போனதுன்னு வீடு வீடாக் கேட்டு எழுதினது பங்குகள்தான். இப்பவும் காய்ச்சல்னாலும், அரிசி தீர்ந்தாலும், யாராவது இறந்தாலும் போன் வர்றது எனக்கோ துணைத்தலைவருக்கோதான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பக் கூடாதுன்னு இங்க கேட்கிறேன்.

கூட்டம் கூடாம வாட்ஸ்அப்ல எடுக்கிற முடிவு செல்லுமா? ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவுக்குக் கோயில் வரிப்பணம் கொஞ்சம் பிரிச்சு வச்சிருக்கு. அதை நிவாரணத்துக்கு எடுக்கணும்னு ஒரு பக்கம், கொடியாவது ஏற்றியே ஆகணும்னு இன்னொரு பக்கம். அடுத்தது, ஊர்ல சில வீட்டுல கொரோனா உறுதியாயிருக்கு. அந்தப் பேரை எல்லாம் கோயில் மைக்ல சொல்லணும், அப்பதான் மத்தவங்க ஒதுங்குவாங்கன்னு இளைஞர்கள் நிக்கிறாங்க.

கடைசியாச் சொல்றதுதான் என் மனசை அறுக்குது. போன வாரம் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில எங்க ஊர் பெரியவர் ஒருத்தர் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தப்ப பக்கத்துத் தெருக்காரங்க கேட்டை மறிச்சுட்டாங்க. போலீஸ் வந்த பிறகுதான் குழியில வைக்க முடிஞ்சுது. அறுபது வருசம் கடல்ல கிடந்து இந்தக் கோயிலுக்கு வரி கட்டின மனுசன். இன்னொரு தடவை எங்க ஊர்ல அப்படி நடக்கக் கூடாது. அதுக்குப் பேரவை முன்கூட்டியே என்ன செஞ்சு வைக்கணும்?

வார்டு நாலு | 17 மே 2021

அண்ணே, நான் மேல்புறம் ஒன்றியத்துல ஒரு ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்க பக்கத்து அனுபவத்தை வச்சு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். போன வருசம் மார்ச்ல பல ஊர்ல தடியும் முள்ளும் போட்டு வழியை அடைச்சாங்க. அதைத் திரும்பச் செய்ய விடாதீங்க. கட்டுப்படுத்தப்பட்ட பகுதின்னு அறிவிக்கிற அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்குத்தான் உண்டு. ஊரா அடைச்சா 108 வண்டி உள்ள வராது.

உங்க ஊர் பேரூராட்சியில வருதா ஊராட்சியில வருதான்னு பார்த்து, சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், தூய்மைப் பணியாளர் மேற்பார்வையாளர் இவங்க நம்பரைப் பேரவைக்காரங்க எல்லாரும் போன்ல ஏத்தி வச்சுக்கோங்க. பிளீச்சிங் பவுடரும் காய்ச்சல் முகாமும் அவங்க வழியாத்தான் வரும். பேரவை தன் காசுல பிளீச்சிங் வாங்கித் தெருவெல்லாம் கொட்ட வேண்டாம். அந்தக் காசு வேற எதுக்காவது உதவும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 18 மே 2021

மக்களே, நான் மடத்து சிஸ்டர் இல்லை, அரசு ஆஸ்பத்திரி நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. குழித்துறை மறைமாவட்டத்துல ஒரு பங்குக்குத் துணைத்தலைவியா இருக்கேன். நீங்க கடைசியாக் கேட்டதை முதல்ல எடுக்கிறேன், ஏன்னா அதுக்கு நேரம் பார்க்க முடியாது. சாவு எந்த ராத்திரியும் வரும்.

இறந்தவங்க உடம்பை எப்படிக் கையாளணும்னு மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்லயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. அதைத் தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி, ஒவ்வொரு அன்பியத்துக்கும், அதாவது பங்குல உள்ள வீட்டுக் குழுவுக்கும், கொடுங்க. உடம்பை வச்சிருக்கிற பையோட ஜிப்பை முகம் வரைக்கும் திறந்து வீட்டாருக்குக் காட்டலாம். தள்ளி நின்னு செபம் சொல்லலாம், தீர்த்தம் தெளிக்கலாம். குளிப்பாட்டக் கூடாது, தொடக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் கட்டுப்பாடு. இது மூச்சுல பரவுற நோய். பையில கட்டிக் குழியில வச்சு மண்ணு போட்டு மூடின உடம்பு மூச்சு விடாது, அடுத்த தெருவுக்கு நோய் வராது. இதை ஃபாதர் வாயால ஒரு தடவை, சுகாதார ஆய்வாளர் வாயால ஒரு தடவை ஊர் கேட்கணும். சாவு நடந்த பிறகு இல்லை, இந்த வாரமே.

சட்டத்தையும் சொல்லுங்க. போன வருசம் ஏப்ரல்ல சென்னையில ஒரு டாக்டரோட அடக்கத்தையே தடுத்தாங்க. அதுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்துது. அடக்கத்தைத் தடுத்தா மூணு வருசம் வரை சிறை. மிரட்டுறதுக்காகச் சொல்லலை. கேட்டை மறிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது குற்றம்னே தெரியாது.

குழி தோண்ட நாலு பேரை இப்பவே பேசி வச்சு, கவச உடையை எப்படிப் போடணும், அதைவிட முக்கியமா எப்படிக் கழட்டணும்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டித் தரச் சொல்லுங்க. நோய் தொத்துறது பெரும்பாலும் கழட்டுறப்பதான். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல கூடாதுன்னு அரசு சொல்லியிருக்கு. அந்த 20-ல யார் யார்னு வீட்டார் தீர்மானிக்கட்டும், பேரவை பேர் சொல்லி முந்திக்க வேண்டாம்.

கல்லறையில இடமே இல்லை, தண்ணி மேல நிக்குதுன்னா தகனம் செய்யலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல இருந்தே அதை அனுமதிக்குது. 2016-ல ரோமாபுரி சொன்னது, சாம்பலை வீட்டுல வைக்காம, கடல்ல கரைக்காம, புனிதமான இடத்துல வைக்கணும்னு. ஆலப்புழை மறைமாவட்டத்துல போன வருசம் ஜூலையில கொரோனாவுல இறந்தவங்களைத் தகனம் செஞ்சு, சாம்பலைப் பங்குக் கல்லறையிலேயே அடக்கம் பண்ணினாங்க. அதுவும் நம்மளைப் போலக் கடற்கரை மண்ணுதான், ரெண்டு அடி தோண்டினா தண்ணி. அங்க உள்ளவங்களுக்கு மனசு இருந்துது, வழி கிடைச்சுது.

இனி மைக் விசயம். வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊர்ல அப்படிச் சொன்னாங்க. அடுத்த நாள்ல இருந்து அந்த ஊர்ல யாருக்கும் காய்ச்சலே இல்லை. எல்லாரும் பாரசிட்டமால் போட்டுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. மூச்சு வாங்குறப்பதான் வெளிய வந்தாங்க. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. பேர் வெளிய வரும்னு பயந்தா ஆள் மறைப்பான், மறைச்சா நாள் போயிரும். இந்த நோயில நாள்தான் உயிர். உங்க இளைஞர்கள்கிட்ட இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஊர் மேல அக்கறை இருக்கு, அதை வேற வேலைக்குத் திருப்பலாம்.

மைக்ல சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. காய்ச்சல் முகாம் எப்போ, ரேசன் கடையில 2000 ரூபாய் டோக்கன் எந்தத் தெருவுக்கு என்னைக்கு, எந்த நம்பருக்குக் கூப்பிடணும், 104, 108. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அரசு அனுமதிச்ச தனியார் ஆஸ்பத்திரியிலயும் கொரோனா சிகிச்சைக் காசு அரசே கொடுக்கும்னு இந்த மாசம்தான் உத்தரவு வந்திருக்கு. அது தெரியாமத் தாலியை அடகு வைக்கிற குடும்பம் உண்டு. அதைத் தினமும் சொல்லுங்க.

பங்குப்பேரவைகிட்ட இருக்கிற பெரிய பலம் அன்பியம். முப்பது நாற்பது வீட்டுக்கு ஒரு அன்பியம், அதுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர். அரசுக்குக்கூட இப்படி ஒரு அமைப்பு கிடையாது. அன்பியத்துக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது இரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு விரல்ல மாட்டிப் பார்க்கிற மிஷின், வாங்கிக் கொடுங்க. இளைஞர்ல ரெண்டு பேர் அதை எடுத்துக்கிட்டுக் காய்ச்சல் வீட்டுக்குக் காலையும் சாயங்காலமும் போகணும், வாசப்படி வரைக்கும் மட்டும். மிஷினைப் படியில வச்சுட்டுத் தள்ளி நிக்கணும், நோயாளி தானே எடுத்து விரல்ல மாட்டட்டும்.

பார்க்கிற முறையைச் சரியாச் சொல்லிக் கொடுங்க. நம்ம கடல் தொழிலாளிக்கு விரல் தடிச்சிருக்கும், காலம்பற கை குளிர்ந்தும் கிடக்கும். குளிர்ந்த விரல்ல மிஷின் தப்பாக் காட்டும். கையைத் தேய்ச்சுச் சூடாக்கி, அஞ்சு நிமிசம் சும்மா உட்கார்ந்து, நடுவிரல்லயோ ஆள்காட்டி விரல்லயோ மாட்டி, கையை ஆட்டாம வச்சிருக்கணும். முதல்ல வர்ற எண்ணை எழுதாதீங்க. அது 88-ன்னு வரும், 97-ன்னு வரும், கொஞ்ச நேரத்துல ஒரு இடத்துல நிக்கும். நிக்கிறதை எழுதுங்க. பொம்பளைப் பிள்ளைகள்னா நகப்பூச்சையும் மருதாணியையும் கவனிக்கணும். அப்புறம் அறைக்குள்ளேயே ஆறு நிமிசம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்க. உட்கார்ந்தா 96 இருந்து, நடந்தா 92-க்கு இறங்குறவங்க உண்டு. அவங்களைத்தான் நாம தவற விடுறோம். 94-க்குக் கீழன்னா காத்திருக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகணும். வண்டி வர்ற வரைக்கும் குப்புறப் படுக்க வைங்க. ஒவ்வொருத்தருக்குப் பிறகும் மிஷினை ஸ்பிரிட்ல துடைக்கணும்.

கபசுரக் குடிநீர் கொடுக்கணும்னா தூக்குவாளியில வீட்டு வாசல்ல ஊத்துங்க, வரிசையில நிறுத்தாதீங்க. குருசடி (சின்னச் சிலுவைக் கோயில்) முன்னால கூட்டமா ஆவி பிடிக்கிறதை உடனே நிறுத்துங்க. பொது இடத்துல ஆவி பிடிக்க வேண்டாம்னு சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொல்லியிருக்கார். ஒருத்தர் இருமினா அந்தக் குழாயிலயே எல்லாருக்கும் போகும்.

இன்னொண்ணு. பட்டியல் எடுக்கிறப்ப பங்கு வரிப் புத்தகத்தைப் பார்த்து எடுக்காதீங்க. வீட்டைப் பார்த்து எடுங்க. வரி பாக்கி உள்ளவங்க, ஊர் விலக்குல உள்ளவங்க, வேற மதத்து வீடுகள், வலைக் கொட்டகையில தங்கியிருக்கிற வடநாட்டுப் பையன்கள், இவங்க யாரும் அந்தப் புத்தகத்துல இருக்க மாட்டாங்க. பசி அவங்களுக்குத்தான் முதல்ல வரும்.

தக்கலை கணக்கர் | 18 மே 2021

சிஸ்டர் சொன்னதுல கூட்டவோ குறைக்கவோ ஒண்ணும் இல்லை. பணத்தைப் பற்றி மட்டும் சொல்றேன். எங்க பங்கு ரப்பர் வெட்டுற ஊர், நிதிக்குழுவுல இருக்கேன்.

திருச்சபைச் சட்டம் 536-ன்படி மேய்ப்புப்பணிப் பேரவைக்கு, அதாவது பங்குப்பேரவைக்கு, ஆலோசனை வாக்குதான் உண்டு. 537-ன்படி நிதிக்குழு ஒவ்வொரு பங்குலயும் இருந்தே ஆகணும். அதனால வாட்ஸ்அப்ல பேசுங்க, போன்ல கூப்பிட்டுக் கேளுங்க, தப்பில்லை. ஆனா முடிவை மினிட் புத்தகத்துல தேதி போட்டு எழுதி, ஃபாதர் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்க. வாட்ஸ்அப் இல்லாத உறுப்பினரைப் போன்ல கேட்டு, என்ன சொன்னார்னு அதையும் எழுதுங்க. ஊரடங்கு முடிஞ்சு கூடுற முதல் கூட்டத்துல அத்தனையையும் வாசிச்சு ஒப்புதல் வாங்கிடணும்.

திருவிழாவுக்குன்னு சொல்லி வாங்கின பணத்தைப் பேரவை தானா வேற செலவுக்கு எடுக்கக் கூடாது. கொடுத்தவங்ககிட்டக் கேளுங்க. அன்பியம் வழியாக் கேட்டா ரெண்டு நாள்ல பதில் வந்துரும். எங்க பங்குல கேட்டோம், வேண்டாம்னு சொன்னவங்க ரொம்பக் கொஞ்சம். அவங்க பங்கை அப்படியே அடுத்த வருசத்துக்கு ஒதுக்கி எழுதினோம். ஊர்ல சண்டை வரலை. வரவு செலவை வாரம் ஒரு தடவை கோயில் கதவுல ஒட்டுங்க. உதவி வாங்கினவங்க பேரை ஒட்டாதீங்க, தொகையையும் பொருளையும் மட்டும்.

கொடியை ஃபாதரும் கோயில்பிள்ளையும் (கோயில் வேலை பார்க்கிறவர்) ஏற்றட்டும், மணி அடிங்க, ஊர் வீட்டுல இருந்து செபமாலை சொல்லட்டும். மேளமும் தேரும் அடுத்த வருசம் பார்க்கலாம்.

கடப்புறத்தான் | 30 மே 2021

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

மைக்ல பேர் சொல்றதில்லைன்னு தீர்மானம் எழுதியாச்சு. முதல்ல முரண்டு பிடிச்ச இளைஞர்கள்தான் இப்ப ஆக்சிமீட்டரோட போறாங்க. கீழத்தெருவுல ஒரு அக்கா உட்கார்ந்தப்ப 95, நடந்த பிறகு 91. வீட்டார் நம்பலை, அக்கா சும்மாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. பையன் விடாம 108-ஐக் கூப்பிட்டான். ஆசாரிபள்ளத்துல ஆக்சிஜன்ல இருந்தாங்க, இப்ப வார்டுக்கு மாத்தியாச்சு. சிஸ்டர், அந்தப் பையன் உங்ககிட்டச் சொல்லச் சொன்னான்.

கல்லறை பக்கத்துத் தெருவுக்கு சுகாதார ஆய்வாளரும் ஃபாதரும் சேர்ந்து போய்ப் பேசினாங்க. முழுசா ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா மறிக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க.

நடுவுல யாஸ் புயல் நேரத்து மழை வந்துட்டு. தாழ்ந்த வீடுகள்ல தண்ணி ஏறி, பள்ளிக்கூடத்துல தங்க வைக்க வேண்டியதாப் போச்சு. காய்ச்சல் உள்ள குடும்பங்களைப் பட்டியல் பார்த்துத் தனி அறையில விட்டோம். பட்டியல் இல்லைன்னா எல்லாரையும் ஒரே ஹால்ல படுக்க வச்சிருப்போம்.

இப்போ சந்தேகம். ஜூன் 1-ல மேற்குக் கடல்ல மீன்பிடித் தடைக்காலம் தொடங்குது. தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்க, போன போட்டு எல்லாம் கரைக்கு வரும். ஒரு போட்டுல பத்துப் பன்னிரண்டு பேர் ஒண்ணாச் சாப்பிட்டு ஒண்ணாப் படுத்தவங்க. அவங்களை என்ன செய்ய? தடுப்பூசிக்கும் ஆட்களைச் சேர்க்கணும், நிறையப் பேருக்கு ஸ்மார்ட்போன் இல்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 30 மே 2021

அந்தப் பையன்கிட்ட என் சந்தோசத்தைச் சொல்லுங்க மக்களே.

போட்டு கரை சேர்றதுக்கு முன்னாலேயே ஓட்டுநருக்கு வயர்லெஸ்லயோ போன்லயோ சொல்லுங்க, யாருக்காவது காய்ச்சல், இருமல், வாசனை தெரியாம இருக்கான்னு. சுகாதார ஆய்வாளர்கிட்ட இறங்குற நாளைச் சொன்னா துறைமுகத்துலயே மாதிரி எடுப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் வீட்டுக்குப் போகாம இருக்க ஒரு இடம் பேரவை ஏற்பாடு பண்ணணும். மழைக்குத் திறந்த பள்ளிக்கூடமே போதும், ஆனா இருந்த குடும்பங்கள் போன பிறகு கழுவிட்டு. சாப்பாடு வீட்டுல இருந்து வரட்டும். மாசக்கணக்காப் பிள்ளையைப் பார்க்காம வர்றவன், அவனைத் தடியோட நின்னு தடுக்காதீங்க. அவன் வீட்டம்மாகிட்ட முதல்லயே பேசுங்க, அவ சொன்னாக் கேட்பான்.

தடுப்பூசிக்கு ஒரு போன் நம்பர்ல நாலு பேரைக் கோவின்ல (தடுப்பூசிக்குப் பதியற அரசு இணையதளம்) பதியலாம். அன்பியத்துல போன் உள்ள ஒரு பிள்ளை பதிஞ்சு கொடுக்கட்டும். 45 தாண்டினவங்க ஆதாரோட நேராப் போகலாம். 18 தாண்டினவங்களுக்கும் அரசு மையத்துல நேராப் பதியலாம்னு 24-ம் தேதி சொல்லியாச்சு, ஆனா அன்னைக்கு மருந்து இருக்கான்னு போன்ல கேட்டுட்டு அனுப்புங்க. பால் கொடுக்கிற அம்மாமார் போட்டுக்கலாம். கொரோனா வந்து குணமானவங்க மூணு மாசம் கழிச்சுத்தான். கோவிஷீல்டு முதல் ஊசி போட்டவங்களுக்கு அடுத்தது 12-ல இருந்து 16 வாரத்துல. தேதியை அட்டையில மட்டும் விடாம அன்பியப் புத்தகத்துலயும் எழுதி வைங்க. ஆகஸ்டுல இவங்க திரும்பக் கடலுக்குப் போயிருவாங்க, ரெண்டாவது ஊசி எந்தக் கரையில போடணும்னு இப்பவே கேட்டு வச்சுக்கணும்.