பேரப்பிள்ளைகளும் பாலியேட்டிவ் பணியும்: ஓய்வுக்காலத்தை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மகளும் மருமகனும் நாள்தோறும் கோயம்புத்தூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவதால், பேரப்பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பில் வளர்கிறார்கள். பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே “அம்மிச்சி” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவரும் அவர்களோடு கழியும் மாலைப்பொழுதை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். காலையில் அவர்கள் சென்ற பின் கொல்லையில் அவரை, புடலை, பீர்க்கு என்று நாட்டு விதைகளைப் பேணி வருகிறேன். முற்றிய காயை நிழலில் உலர்த்தி, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைப்பது என் அம்மாவிடம் கற்ற பழக்கம்.

இப்போது எங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் செவிலியர் (தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் துன்பத்தையும் தணித்துப் பராமரிப்பவர்), படுக்கையில் இருக்கும் நோயாளிகளைக் காணத் தம்முடன் வர இயலுமா என்று கேட்டிருக்கிறார். எல்லையோர வார்டுகளில் தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் பலர் இருப்பதே காரணம். எனக்கு மனமார்ந்த விருப்பம். மகளோ, நோய் ஏதேனும் வீட்டுக்கு வந்து குழந்தைகளைத் தொற்றிவிடுமோ என்று அஞ்சுகிறாள். இப்பணியில் இருப்பவர்கள் வீட்டையும் இதையும் எப்படிச் சேர்த்து நடத்துகிறீர்கள்?

பதில் 1: பாலியேட்டிவ் தன்னார்வலர், சித்தூர்

வணக்கம் டீச்சர். நீங்கள் அவசியம் வர வேண்டும். கோழிக்கோட்டில் 1993-இல் சிறு அளவில் தொடங்கிய இந்தப் பணி, 2008-இல் கேரள அரசு தனிக் கொள்கை வகுத்த பிறகு பஞ்சாயத்துதோறும் பரவியது. மருந்தும் கருவியும் அரசு தரலாம். நோயாளியின் அருகில் அமர்ந்து பேச அக்கம்பக்கத்தார்தான் வேண்டும்.

நாங்கள் காணச் செல்பவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம், புற்றுநோய், முதுகுத்தண்டு அடி, முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுத்தவர்கள். இவை எவையும் தொற்றுவன அல்ல. காசநோய் போன்ற ஏதேனும் இருந்தால் செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அந்த வீட்டுக்கு அவரை மட்டும் அனுப்பலாம்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பக்கவாதத்தில் படுத்திருந்த அவர், மலையாளத்தில் எது கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்து, பனங்காட்டில் நுங்கு வெட்டிய காலத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, இடுப்புக்குக் கீழே ஏதோ உறுத்துகிறது என்று மெல்லச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தால், முதுகின் அடியில் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோதும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க மருமகளுக்குச் செவிலியர் சொல்லித்தந்தார், காற்று மெத்தைக்கும் ஏற்பாடு செய்தார். தோல் உடைவதற்கு முன்பே கண்டுகொண்டதால்தான் அந்தப் புண் வராமல் தடுக்க முடிந்தது.

பதில் 2: இரு பிள்ளைகளின் தாய், மீனாட்சிபுரம்

அம்மா, உங்கள் மகளின் இடத்தில் இருப்பவள் நான். என் பிள்ளைகளையும் என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். மகளின் அச்சத்தைத் தட்டிக்கழிக்காமல், அந்தச் செவிலியரிடமே அவரை நேரில் பேசவையுங்கள். மற்றவர் சொல்வதைவிட அவர் சொல்வது எடுபடும். உண்மையில் நோயாளிக்குத்தான் நம்மால் ஆபத்து அதிகம். உடல் தளர்ந்த ஒருவருக்குக் குழந்தையின் சாதாரணச் சளியே பெருந்தொல்லை ஆகிவிடும். ஆகவே பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் போகாதீர்கள். போகும் வீட்டில் நுழையும்போதும் கிளம்பும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழமை ஒன்றைக் குறித்து, அது உங்களுடைய நாள் என்று வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வேலையே இல்லை என்று பிள்ளைகளாகிய நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் மாற வேண்டும், அம்மா.

பதில் 3: நூலக வாசகர், வேலந்தாவளம்

பாலியேட்டிவ் பணி பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்தே செய்யக்கூடிய ஒன்றை நான் சொல்கிறேன். கேரளத்தில் நூலகங்கள் மக்களே கட்டி எழுப்பியவை, பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த கிரந்தசாலா சங்கம் என்ற நூலகச் சங்கத்திலிருந்து வந்த மரபு இது. அவர் மறைந்த ஜூன் 19-ஐ இன்றும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் நம் பகுதிப் பிள்ளைகள் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிப்பதால், வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாமல் வளர்கிறார்கள். எனக்கு இது மிகுந்த கவலை தருகிறது. சனிக்கிழமை மாலையில் உங்கள் பேரப்பிள்ளைகளை ஊர் நூலகத்துக்கு அழைத்துச் சென்று உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். ஆசிரியையாக இருந்த உங்களுக்கு இது புதிதல்லவே.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. செவிலியரை வீட்டுக்கு அழைத்து மகளோடு பேசவைத்தேன். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவதானால் தனக்கு மறுப்பில்லை என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். நூலகச் செயலாளரிடமும் பேசினேன். தமிழ்ப் புத்தக அலமாரியின் சாவியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சித்தூர் ஐயாவிடம் ஒரு கேள்வி: நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைத் தன்னார்வலர்களுக்கான பயிற்சியிலேயே சொல்லித்தருவார்களா, அல்லது செவிலியருடன் போகும்போது பார்த்துத்தான் கற்க வேண்டுமா?

பாலியேட்டிவ் தன்னார்வலர், சித்தூர்:

பயிற்சியிலேயே செய்துகாட்டுவார்கள், டீச்சர். ஆனால் முதல் சில வாரங்கள் தனியாகத் தூக்க வேண்டாம். வீட்டார் ஒருவரும் நீங்களுமாக, விரிப்பின் இரு ஓரங்களையும் பிடித்துப் புரட்டுங்கள். உங்கள் முதுகுக்கும் அது நல்லது.