வீட்டுப் படங்களுக்கு டிஎஸ்எல்ஆரே போதுமா, மிரர்லெஸுக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஆறு ஆண்டுகளாக நிகான் டி5600 என்ற டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருக்கிறேன். அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ், இவ்வளவுதான் என்னிடம் உள்ளவை. கேமராவில் இதுவரை ஒரு பழுதும் இல்லை. கல்யாணம், பறவை, விளையாட்டுப் போட்டி என்று எதையும் எடுப்பவன் அல்ல நான். என் படங்களில் இருப்பவர்கள் 4 வயது மகளும் அம்மாவும்தான். மற்றவை மாலை நடையில் கண்ணில் படும் சுவர், மரம், நிழல்.

இரண்டு இடங்களில் தடுமாறுகிறேன். 50 லென்ஸை எஃப்1.8இல் முழுக்கத் திறந்து மகளை எடுத்தால், கண்ணில் ஃபோகஸ் விழுவதற்குள் முகத்தைத் திருப்பிவிடுகிறாள். காதோர முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது, கண் மங்கிக் கிடக்கிறது. இரண்டாவது, சத்தம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும்போது உதட்டை லேசாக மடித்துக்கொள்வார். அந்த முகத்துக்காகத்தான் கேமராவை எடுக்கிறேன். முதல் 'டக்' கேட்டதுமே நிமிர்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் போட்டோவுக்கான முகம்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கினால் இந்த இரண்டும் தீருமா? படத்தின் தரத்தில் வேறுபாடு தெரியுமா? எடை குறையும் என்கிறார்களே, உண்மையா? இருக்கும் லென்ஸ்களை என்ன செய்வது? இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

தரம், எடை, லென்ஸ் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படம் பதிவாகும் சென்சாரின் அளவும் தலைமுறையும் ஒன்றாக இருந்தால் படத்தின் தரமும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே கண்ணாடி இருந்ததா இல்லையா என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எடையைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். உங்கள் டி5600 பேட்டரி, கார்டு சேர்த்து 465 கிராம். அதே சென்சார் அளவுள்ள மிரர்லெஸ் கேமரா நிகான் இசட்50 450 கிராம். இந்த 15 கிராமுக்காக யாரும் கேமரா மாற்ற வேண்டாம். கையில் சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம் லென்ஸ்: அதன் 16-50 லென்ஸ் 135 கிராம்தான், பயன்படுத்தாதபோது உள்ளே சுருங்கிக்கொள்ளும்.

பழைய லென்ஸ்களை விற்க வேண்டியதில்லை. உங்கள் டி5600இன் எஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ. தூரம். கண்ணாடி மேலே எழுந்து இறங்க அவ்வளவு இடம் தேவைப்பட்டது. இசட்50இன் இசட் மவுண்டில் அது 16 மி.மீ. இடைவெளியை ஈடுகட்டும் குழாய்தான் எஃப்டிஇசட் அடாப்டர். உள்ளே லென்ஸ் எதுவும் கிடையாது, அதனால் படம் கெடாது. உங்கள் 50 லென்ஸ் ஏஎஃப்-எஸ் வகை, அதாவது ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே உள்ள வகை என்பதால் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும்.

பதில் 2

பத்து ஆண்டுகள் டிஎஸ்எல்ஆர், கடந்த நான்கு ஆண்டுகளாக மிரர்லெஸ். நான் எடுப்பதும் வீட்டு மனிதர்களைத்தான், அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது.

முதலில் கண். 50 மி.மீ. லென்ஸை எஃப்1.8இல் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் குழந்தையை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மட்டுமே. நான்கு வயதுக் குழந்தை சிரித்தாலே தலை அதைவிட அதிகம் நகரும். இது உங்கள் கையின் குறையும் அல்ல, கேமராவின் குறையும் அல்ல.

டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே எடுக்கும்போது ஃபோகஸ் பார்ப்பது படம் விழும் சென்சார் அல்ல. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். பின்னால் இருக்கும் சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கேமராவின் அடியில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடும். இந்த இரண்டு பாதைகளின் நீளத்தில் மயிரிழை வேறுபாடு வந்தாலும், மூக்கு தெளிவாகி கண் மங்கும். என் பழைய கேமரா ஒன்றில் இது இருந்தது. அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து, எந்தக் கோடு தெளிவாக விழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு விடுமுறை நாளையே செலவிட்டேன். மிரர்லெஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. வழி தவற வேறு பாதை இல்லை. அதோடு, கேமராவுக்கு எப்போதும் முழுப் படமும் தெரிவதால் அதில் கண் எங்கே என்று அதுவே தேடிக்கொள்கிறது. குழந்தை ஓடினாலும் ஒரு சிறு கட்டம் கண்ணோடு ஓடும். நான் கட்டத்தை நகர்த்துவதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து என் படங்கள் மாறின என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஜன்னலுக்கு எதிரே ஒருவரை உட்காரவைத்தால் முகம் இருண்டுவிடும் அல்லவா? டிஎஸ்எல்ஆரில் எடுத்துப் பார்த்துத்தான் திருத்துவேன். மிரர்லெஸின் மின்னணு வியூஃபைண்டரில் வெளிச்சத்தைக் கூட்டும் சக்கரத்தை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பும்போது, கருப்பாக இருந்த கன்னம் மெல்ல மேலெழுந்து, கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கம்வரை தெரிய வருவதைக் கண்ணை எடுக்காமலே பார்க்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டு அழுத்தினால் போதும்.

சத்தம்: மிரர்லெஸில் மின்னணு ஷட்டரைப் போட்டால் ஒரு சிறு ஒலிகூட இருக்காது. ஆனால் இதை நன்றாகக் கவனியுங்கள். பெரும்பாலான கேமராக்களில் மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். டியூப்லைட்டும் சில எல்இடி விளக்குகளும் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து எரிவதால் படத்தில் இருண்ட பட்டைகள் விழும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100 ஷட்டர் வேகம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் போகாவிட்டால் சாதாரண ஷட்டருக்கு மாறுங்கள்.

பேட்டரி விரைவில் தீரும், கூடுதலாக ஒன்று வைத்திருங்கள். லென்ஸைக் கழற்றும்போது சென்சார் நேராக வெளியே தெரியும். கேமராவைக் குப்புறப் பிடித்து மாற்றுங்கள், தூசி குறையும்.

பதில் 3

மேலே உள்ள நண்பர் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனாலும் நான் டிஎஸ்எல்ஆரிலேயே இருக்கிறேன். கண்ணாடி வழியே பார்ப்பது உலகத்தையே பார்ப்பது. திரையில் பார்ப்பது அதன் படத்தைப் பார்ப்பது. மாலை நடைக்குப் போகும் உங்களுக்கு இது முக்கியம். சாயும் வெயிலில் சுவரின் நிறம் என் கண் பார்த்தபடியே வியூஃபைண்டரில் இருக்கும். கேமராவை அணைத்துவிட்டும் சட்டகம் தேடலாம், ஒரு துளி பேட்டரி செலவாகாது. நிறுவனக் கணக்கின்படி டி5600இல் ஒரு சார்ஜுக்கு 970 படங்கள், இசட்50இல் ஏறக்குறைய 320.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கேனானும் நிகானும் தங்கள் கடைசி முதன்மை டிஎஸ்எல்ஆர்களை வெளியிட்டது 2020இல். புதிய லென்ஸ்கள் இனி மிரர்லெஸுக்குத்தான் வரும். ஆனால் இரண்டு லென்ஸ்களோடு நிறைவாக இருப்பவருக்கு அது இழப்பா?

செலவு செய்வதற்கு முன் இரண்டு விஷயங்களைச் செய்து பாருங்கள். ஒன்று, உங்கள் கேமராவில் 'க்யூ' என்று குறித்த அமைதி ஷட்டர் இருக்கிறது. பொத்தானை முழுக்க அழுத்தியபடியே பிடித்திருந்தால் கண்ணாடி கீழே இறங்காது. விரலை எடுத்தபின்தான் இறங்கும் ஒலி வரும். இரண்டு, மகளை எடுக்கும்போது எஃப்1.8ஐ விட்டு எஃப்2.8க்கு வாருங்கள், லென்ஸின் திறப்பு சிறிதாகித் தெளிவாக விழும் ஆழம் கூடும். தொடர் ஃபோகஸில் ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வைத்துப் பழகுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எஃப்2.8 உண்மையிலேயே உதவியது. மகள் உட்கார்ந்து வரையும்போது எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் கண் தெளிவாக இருக்கிறது. ஓடும்போது இன்னும் தவறுகிறது. 'க்யூ' முறையில் சத்தம் குறைந்தது, ஆனால் அம்மாவின் காதுக்கு அது போதவில்லை.

பிறகு நண்பரிடமிருந்து ஒரு மிரர்லெஸை நான்கு நாள் வாங்கி வந்தேன். முதல் நாள் காலையில் அம்மா நூல் கோக்க உட்கார்ந்தார். பதினொரு படம் எடுத்தேன். ஏழாவது படத்தில் நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்துகிறார், எட்டாவதில் ஒரு கண்ணைச் சுருக்கியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டும் எனக்குக் கிடைத்ததில்லை. அன்று இரவு டியூப்லைட்டில் எடுத்தவற்றில் பட்டை பட்டையாக விழுந்தது. ஷட்டர் வேகத்தை 1/250இல் விட்டிருந்தேன். 1/100க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

நடைக்கு அதை எடுத்துப் போனபோது மனம் ஒட்டவில்லை. நண்பர் சொன்னதுபோல, சுவரைப் பார்க்கிறேனா திரையைப் பார்க்கிறேனா என்ற எண்ணம் விலகவே இல்லை. மறுநாள் டி5600ஐத்தான் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அதனால் டி5600ஐ விற்கப் போவதில்லை. 18-55 அதோடு இருக்கட்டும். உடல் மட்டும் ஒரு இசட்50, 50 லென்ஸுக்கு அடாப்டர் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: அடாப்டரோடு 50 லென்ஸைப் போட்டால் முன்பக்கம் கனக்குமா?

பதில் 1 எழுதியவர்

லென்ஸ் 185 கிராம். அடாப்டரின் இரண்டாம் பதிப்பு 125 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் 310தான். நீளம்தான் கொஞ்சம் கூடும். இடது கையை அடாப்டருக்கு அடியில் கொடுத்துப் பிடியுங்கள், நிலையாக இருக்கும்.