டிரில் மெஷின் டிரிக்கர்: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

தம்பி (காலை 8:42): அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 13 மி.மீ. டிரில் மெஷின் நேற்றிரவு முதல் தகராறு செய்கிறது. டிரிக்கரை மெதுவாக அழுத்தினால் அசைவே இல்லை. விரல் வலிக்க அழுத்தினால் திடீரென்று முழு வேகத்தில் சுற்றுகிறது, சில சமயம் பாதித் துளையிலேயே நின்றுவிடுகிறது. திரைச்சீலைக் கம்பிக்கு இன்னும் நான்கு துளைகள் பாக்கி. ஸ்விட்ச் போய்விட்டது என்று நினைத்து, புதியது ஒன்றை ஆன்லைனில் வாங்கப் போகிறேன். சரிதானே மாமா?

கோவை மாமா (8:55): மாப்பிள்ளை, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. டிரிக்கர் கோளாறு என்று என் வைண்டிங் பட்டறைக்கு வந்த மெஷின்களில் பலவற்றுக்கு ஒயரோ, மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகளோதான் காரணமாக இருந்தது. விரல் படுகிற இடம் அதுதான் என்பதால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. முதலில் அதே பிளக் பாயின்டில் வேறு எதையாவது போட்டு மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார். அடுத்து, முனையில் இருக்கும் சக் என்ற பிடியிலிருந்து துளைக்கும் பிட்டைக் கழற்றிவிட்டு, டிரிக்கரை அழுத்தியபடியே, கைப்பிடிக்குள் ஒயர் நுழைகிற இடத்தில் இருக்கும் ரப்பர் உறையை ஒட்டி ஒயரை இரண்டு பக்கமும் இன்னொருவரை வளைத்துப் பார்க்கச் சொல். ஒருவர் பிடிக்க, மற்றவர் வளைக்க வேண்டும். வளைக்கும்போது விட்டு விட்டு ஓடினால் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள்.

நான் (9:01): எங்கள் வீட்டு பேட்டரி டிரில்லில் ஒருமுறை டிரிக்கரே அழுந்தவில்லை மாமா. கடைக்கு எடுத்துப் போன பிறகுதான், முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் லீவர் சரியாக நடுவில் நின்றிருந்தது தெரிந்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை, சிரித்து அனுப்பிவிட்டார்.

கோவை மாமா (9:04): அது கோளாறு அன்று அம்மா, பூட்டு. பைக்குள் வைக்கும்போது தானாக ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

தம்பி (9:40): பிளக் பாயின்ட் சரியாக இருக்கிறது. ஒயரை வளைத்தாலும் மாற்றம் இல்லை. கார்பனையும் பார்த்துவிட்டேன், இரண்டு கட்டைகளும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கின்றன, ஸ்பிரிங் நன்றாகத் தள்ளுகிறது, தீப்பொறியும் அதிகமாக இல்லை.

கோவை மாமா (9:52): அப்படியானால் இந்த முறை பழி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. இனிமேல் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, உன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. கைப்பிடியின் திருகுகளைக் கழற்றி ஒரு பக்க மூடியைத் தூக்கியதும், எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து இங்கே போடு. எந்த நிற ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும், எனக்கே மறந்திருக்கிறது.

மதுரை சித்தி (10:05): இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எங்கள் குளியலறையில் கையால் அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் குழாயின் டிரிக்கரும் இதே போல அழுத்தினால் திரும்பி வருவதில்லை. விட்ட பிறகும் சொட்டுகிறது. அதற்கும் கார்பன் மாற்ற வேண்டுமா?

கோவை மாமா (10:09): அதற்கு வினிகர் போதும் அம்மா. உப்புத் தண்ணீர் படிந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இறுகியிருக்கும். சுவரில் இருக்கும் வால்வை மூடிவிட்டு, தலையைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊற வை. உபயோகித்த பிறகு தினமும் வால்வை மூடினால் குழாயும் வெடிக்காது.

தம்பி (10:31): படம் போட்டிருக்கிறேன் மாமா. திறந்ததும் வெள்ளைத் தூள் கொட்டியது. டிரிக்கருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் சந்தில், திருநீறு போல மெல்லிய தூள் பொதிந்து கிடக்கிறது. போன மாதம் கூரையில் விளக்கு மாட்டுவதற்காகத் தலைக்கு மேலே துளை போட்டேன், அதனாலா?

கோவை மாமா (10:44): அதனாலேதான். மேல் நோக்கித் துளைத்தால் கான்கிரீட் தூள் நேராக உன் விரல் மேல் விழுந்து சந்து வழியே ஸ்விட்சுக்குள் போகும். பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை அந்தச் சந்தில் அடித்து, டிரிக்கரை முப்பது நாற்பது தடவை அழுத்தி விடு. நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம் கொடு. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்விட்சின் மூடியை நெம்பித் திறக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எகிறிவிட்டால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

தம்பி (மதியம் 12:20): பாதி வெற்றி மாமா. இப்போது லேசாக அழுத்தினாலே ஓடுகிறது, நடுவில் நிற்பதும் இல்லை. ஆனால் எப்போதும் முழு வேகம்தான். மெதுவாகத் தொடங்கி ஏறும் பழைய குணம் போய்விட்டது.

கோவை மாமா (12:35): மறுபடியும் பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஸ்விட்சுக்கு மின்சாரம் உள்ளே வரும் முனையிலும் மோட்டாருக்குப் போகும் முனையிலும் தொட்டுக்கொண்டு டிரிக்கரை மெல்ல அழுத்து. வேகத்தைக் கூட்டிக் குறைப்பது உள்ளே இருக்கும் டிரையாக் என்ற சிறு உறுப்பு. அது நலமாக இருந்தால் பாதி அழுத்தம் வரை மீட்டர் மௌனமாக இருக்கும். பல ஸ்விட்சுகளில் கடைசி வரை அழுத்தினால் டிரையாக்கைத் தாண்டி நேர் இணைப்பு விழுந்து கத்தும். சற்றே அழுத்தியதும் கத்தினால் டிரையாக் ஷார்ட் ஆகிவிட்டது.

தம்பி (12:41): டிரிக்கரைத் தொட்டதும் கத்துகிறது.

கோவை மாமா (12:50): அப்படியானால் ஸ்விட்சை மாற்றத்தான் வேண்டும், துடைத்தால் திரும்பாது. கான்கிரீட்டில் டிரிக்கரைப் பாதி அழுத்தி, பிட் சிக்கிச் சுற்றாமல் நிற்கும்போதும் விரலை எடுக்காமல் உந்தினாயா? நின்றுபோன மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும், அந்தச் சூட்டை டிரையாக் தாங்காது. ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காதே; பழைய ஸ்விட்சையே கையில் எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் காட்டு. உடலில் அச்சிட்டிருக்கும் எண், ஆம்பியர், ஒயர் துளைகளின் எண்ணிக்கை, லீவர் இருக்கும் இடம் எல்லாம் பொருந்த வேண்டும். ஒயர்கள் உள்ளே ஒரு ஸ்பிரிங் தகட்டின் பிடியில் இருக்கும். இழுத்து அறுக்காமல், பக்கத்துத் துளையில் ஊசியைச் செருகி அழுத்தினால் தானாக வரும்.

நான் (12:58): புதியது வரும் வரை, முழு வேகத்திலேயே அந்த நான்கு துளைகளையும் போட்டுவிடலாமா மாமா? அவன், டிரிக்கரை அழுத்திய நிலையிலேயே பிடித்து வைக்கும் லாக் பட்டனைப் போட்டுவிட்டு வேலை செய்கிறவன்.

கோவை மாமா (மதியம் 1:10): வேண்டாம். பட்டறையில் ஒருநாள் மதியம் லாக் போட்டபடி டிரில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பையன் மெஷினை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். கரண்ட் வந்ததும் அது தானாகச் சுற்றத் தொடங்கி, மேசையிலிருந்து குதித்து, தன் ஒயரையே சக்கில் சுருட்டிக்கொண்டு தரையில் உருண்டது. நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கை உருவுவது.

தம்பி (மாலை 6:25): பழையதைக் காட்டியதும் கடைக்காரர் எண்ணைப் படித்துவிட்டு அதே வகையை எடுத்துக் கொடுத்தார். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைச் செருகினேன். இப்போது மெதுவாக அழுத்தினால் மெதுவாகச் சுற்றுகிறது.

கோவை மாமா (6:31): லாக் பட்டனை அழுத்தி, பிறகு டிரிக்கரை மறுபடியும் தட்டினால் விடுபடுகிறதா?

தம்பி (6:33): விடுபடுகிறது மாமா. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கோவை மாமா (6:34): சரி, துளை போடு.